நாலு டாங்கியும் நானூறு நடைபிணமும்

தெல்மா பெர்ட்விசில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லாமல் போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. மேஜை நிறையப் பிணங்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி உயரம். தபால்காரர் பிணம், பால்காரர் பிணம், மாலை கசங்காத மணப்பெண் பிணம், ஊர் வாத்தியக் குழுவில் பெரிய ஊதுகுழலைத் தோளில் மாட்டியபடியே செத்துப்போன ஒருவர். எல்லாம் எழுந்து நடக்கிற பிணங்கள். மொத்தம் நானூறு பொம்மைகள். அத்தனைக்கும் அவளே கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் சாயம் பூசியிருந்தாள்.

மேஜையின் ஒரு மூலையில் அவள் கணவர் வில்ஃப், முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவித்த முட்டை தின்னப் பழகியிருந்தார்.

"இந்தக் கல்யாணப் பொண்ணு என் முட்டையையே பாத்துக்கிட்டிருக்கா, வாத்து."

"பசியா இருக்கும். திருப்பி நிக்க வை," என்றாள் தெல்மா, தலை நிமிராமல்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் அந்தப் பக்கத்து ஊர்களில் புருஷன் பெண்டாட்டியை, கடைக்காரர் வாடிக்கையாளரை, எல்லோரும் எல்லோரையும் அன்பாக 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய தெல்மா, ஏறிய பயணிகள் அத்தனை பேரையும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஹாக்தோர்ப் ஊரில் யாரையும் வாத்து என்று கூப்பிடாத ஆள் ஒருவர்தான். அவர் இதோ வருகிறார், கொஞ்சம் பொறுங்கள்.

பிணங்களுக்கு நடுவே நாலு டாங்கிகள் நின்றன. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் செய்த ரகம். இரண்டே பேர் உட்காரலாம், ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கி, உடம்பு முழுக்கத் தகடுகளை இணைக்கும் ரிவெட்டுக் குமிழ்கள். பிற்காலத்துப் பெரிய டாங்கிகளின் பக்கத்தில் வைத்தால் இவை தகர டப்பாக்கள். அதனால்தான் தெல்மாவுக்கு அவற்றைப் பிடித்திருந்தது. அவள் உண்டாக்கிய விளையாட்டில் வருஷம் 1934. ஹாக்தோர்ப் இடுகாட்டில் செத்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஊரைக் காப்பாற்ற அரசாங்கம் அனுப்பியது இந்த நாலு டப்பாக்களைத்தான்.

அவற்றைப் பிணங்களோடு சண்டை போடத் தோதாக அவள் மாற்றியிருந்தாள். மத்தி மீன் டப்பாவை வெட்டி முன்னால் தள்ளுபலகை. பழைய சீப்பின் பற்களை உடைத்து ஓரமெல்லாம் வேலி முட்கள். மேல் மூடிக்குத் தேநீர் வடிகட்டியிலிருந்து கத்தரித்த கம்பி வலை. பக்கவாட்டில், தான் ஓட்டிய பஸ் தடங்களின் எண்களை எழுதினாள். 61-ஆம் எண் டாங்கியின் பின்புறத்தில் 'இந்த வண்டியில் ஏறாதீர்கள்' என்று ஒரு சின்னப் பலகை.

இத்தனையும் எதற்கென்றால், ஏப்ரல் மாதக் கண்காட்சிக்கு. மேஜைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் ஹாக்தோர்ப் போர் விளையாட்டுக் கழகத்துக்கு அங்கே ஒரே ஒரு மேஜைதான் ஒதுக்குவார்கள். மாவட்டமே வந்து பார்க்கும். எந்த விளையாட்டு அந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று பிப்ரவரி கடைசி ஞாயிறு கழகம் கை தூக்கி முடிவு செய்யும். பதினோரு வருஷமாக முடிவில் மாற்றமில்லை. மிஸ்டர் ஓல்ட்ராய்டின் '1940, பிரான்சு' போர்தான். கடைசி நாலு வருஷம் அந்த மேஜையின் பொம்மை மரங்களைத் தெல்மா செய்தாள். இருநூற்று முப்பது மரங்கள். கண்காட்சிக் கையேட்டின் அடியில் எறும்பு எழுத்தில் 'மரங்கள்: தெ. பெர்ட்விசில்' என்று போட்டிருந்தார்கள்.

அறுபத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு ஆசை. மரமாக இல்லாமல் ஒரு தடவை மேஜையாகவே போய்வர வேண்டும்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு மெத்தடிஸ்ட் சபைக் கூடத்தில் முதல் வெள்ளோட்டம் விட்டாள். கழகத் தலைவர் நதீம் குரேஷி, மருந்துக்கடைக்காரர், நல்ல மனுஷர், ஒரு டாங்கியை எடுத்துக்கொண்டார். பிக்கர்ஸ்கில் சகோதரர்கள் ரானியும் கீத்தும் ஆளுக்கொன்று. ஐம்பது தாண்டியும் ஒருவன் சிரித்தால் மற்றவனுக்கு வயிறு எரியும், ஆனால் ஒரே காரில் வந்து ஒரே காரில் போவார்கள். நாலாவது டாங்கியைத் தெல்மாவே ஓட்டினாள்.

வேலை இதுதான்: தபால் நிலையத்தில் மாட்டிக்கொண்ட தபால் அம்மாளை ஏற்றி ரயில் நிலையத்தில் சேர்க்க வேண்டும். நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. டாங்கிகள் நேரே போயின, பிணங்களை நசுக்கின, தபால் அம்மாளை ஏற்றின, திரும்பி வந்தன. பிணத்தின் பல்லுக்கு இரும்பு எங்கே அசையும்? இரண்டு குளிர்காலம் பூசிய நானூறு பேரும் மேஜையிலிருந்து எடுக்கப்பட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் போனார்கள்.

ரானி கொட்டாவி விட்டான். "இது சண்டை மாதிரியே இல்ல. புல்லு வெட்டுற மாதிரி இருக்கு."

"புல்லு வெட்டுனா கடைசியில புல்லாச்சும் மிஞ்சும்," என்றான் கீத்.

அப்போதுதான் மிஸ்டர் ஓல்ட்ராய்டு பக்கத்து மேஜையிலிருந்து வந்தார். ரயில்வேயில் சிக்னல் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயதிலும் ஞாயிற்றுக்கிழமைகூட டை கட்டுகிறவர். சட்டைப் பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, சிவப்புப் பென்சில். 61-ஆம் எண் டாங்கியை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணாடியை வைத்து, உதடு அசைய எண்ணினார்.

"இடப்பக்கம் நாப்பத்திரண்டு ரிவெட்டு. நாப்பத்து நாலு இருக்கணும், மிஸஸ் பெர்ட்விசில்."

"ரெண்டைப் பிணம் தின்னுடுச்சு, மிஸ்டர் ஓல்ட்ராய்டு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டாங்கியை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்தார். "ரிவெட்டு கிடக்கட்டும். இரும்புக்கும் பிணத்துக்கும் என்ன போட்டி? ஒரு பக்கம் தோக்கவே முடியாதுன்னா அதுக்குப் பேர் விளையாட்டு இல்லீங்க." சொல்லிவிட்டுத் தன் பிரான்சுக்குத் திரும்பிப் போனார்.

அவர் சொன்னது சரி என்பதுதான் தெல்மாவுக்குச் சுட்டது.

மறுநாள் காலை வில்ஃபின் முட்டை ஆறிக்கொண்டிருக்க, அவள் புலம்பினாள். "டாங்கிக்கு ஒரு குறை வேணும் வில்ஃப். பிணம் ஜெயிக்கணும்னு இல்ல. ஜெயிச்சிரும்போல இருக்கணும்."

"நீ பஸ் ஓட்டுனப்ப உனக்கு என்ன தொல்லை?"

"ஜனங்கதான். நிறுத்தத்துல ஈ காக்கா இருக்காது. வண்டியைக் கிளப்புற சத்தம் கேட்டா போதும், சந்து பொந்து எல்லாத்துலயும் இருந்து கையை ஆட்டிக்கிட்டே..." அவள் நிறுத்தினாள். மணப்பெண் பிணத்தைப் பார்த்தாள். அதுவும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றது.

சத்தம். சத்தம் போடுகிற வண்டியைத் தேடித்தான் பிணங்கள் வரும். எந்த டாங்கி அதிகம் இரைகிறதோ அதன்மேல் மொய்க்கும். இயந்திரத்தை அணைத்தால் பக்கத்து டாங்கிக்குப் போகும். ஒரு குறை கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று போதாது. இந்த டப்பாக்களுக்குள் உட்கார்ந்தவன் பட்ட பாடு என்ன? அது தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான்.

"அவர்கிட்டப் போய்க் கேளேன்," என்றார் வில்ஃப்.

"கேட்டா சொல்வாரா? தன் மேஜையைத் தானே எனக்குத் தூக்கிக் குடுப்பாரா?"

வில்ஃப் ரொட்டியை மஞ்சள் கருவில் தோய்த்தார். "கேட்டாச் சொல்ல மாட்டார். தப்பாச் சொல்லு, திருத்துவார். ஊர்ப் பொதுத் தோட்டத்துல அவர் பாத்தி என் பாத்திக்கு அடுத்தது இல்லையா? போன வருஷம் வேலியோரமா நின்னுக்கிட்டு, 'உருளைக்கிழங்கைக் கண்ணு கீழ பாக்க வச்சு நடணும்'னு சும்மா சொன்னேன். மண்வெட்டியைப் பிடுங்கி நாலு வரிசை நட்டுக் குடுத்துட்டுத்தான் போனார். எனக்கு முதுகுவலி வேற அன்னிக்கு."

"உனக்கு அன்னிக்கு முதுகுவலி இல்ல."

"அது அவருக்குத் தெரியாதே, வாத்து."

அடுத்த கூட்டத்துக்குத் தெல்மா ஒரு பெரிய அட்டை எழுதிக்கொண்டு போனாள். தேநீர் கொதிகலனுக்கு மேலே, பிஸ்கட் எடுக்கக் கை நீட்டுகிறவர் கண்ணில் படாமல் தப்ப முடியாத இடத்தில், நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினாள். 'எங்கள் டாங்கி' என்று தலைப்பு. கீழே: இயந்திரம் பின்னால் இருக்கிறது. உள்ளே நாலு பேர் வசதியாக உட்காரலாம். பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பும். துப்பாக்கி எவ்வளவு சுட்டாலும் குளிர்ச்சியாகவே இருக்கும். ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அந்தப் பக்கம் சமர்த்தாகத் திரும்பும்.

முதல் நாலும் பொய் என்று தெரிந்தே எழுதினாள். ஐந்தாவது மெய் என்றே நினைத்தாள். எந்த வண்டியும் திருப்பின பக்கம் திரும்பத்தானே வேண்டும்? முப்பத்தோரு வருஷம் திருப்பியவள் அல்லவா.

மிஸ்டர் ஓல்ட்ராய்டு தேநீர் எடுக்க வந்தார். அட்டையைப் படித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி படித்தார். டை முடிச்சுக்கு மேலே ரத்தம் ஏறுவது மரங்களுக்கு இலை ஒட்டிக்கொண்டிருந்த தெல்மாவுக்கு அங்கிருந்தே தெரிந்தது. தன் மேஜைக்குப் போனார். இரண்டு படையைக் கொஞ்சம் நகர்த்தினார். திரும்பி வந்தார். இந்தத் தடவை சிவப்புப் பென்சில் கையில் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அட்டையில் தெல்மாவின் எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. இயந்திரம் முன்னால், ஓட்டுநரின் வலது தொடையை ஒட்டி. வெயிற்காலத்தில் அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்குச் சமம். ஆட்கள் இரண்டே பேர். தளபதிதான் வழி பார்க்க வேண்டும், அவரேதான் சுட வேண்டும், அவரேதான் குண்டுப்பட்டை மாற்ற வேண்டும். வண்டி சூடாகி நின்றுவிட்டால் வெளியே இறங்கி முன்னால் கைப்பிடி சுற்ற வேண்டும். துப்பாக்கியைக் குளிர்விக்கிற தண்ணீர் கொதித்தால் ஆவி கிளம்பும், எதிரே ஒன்றும் தெரியாது. ஐந்தாவதுக்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டிருந்தார்: சரிவான இறக்கத்தில், வேகம் குறையாமல் இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் போகும்; வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம்.

தெல்மா அதை மூன்று முறை படித்தாள்.

"இது நிஜமா, மிஸ்டர் ஓல்ட்ராய்டு?"

"நான் விளையாட்டுக்கு எழுதறவன் இல்லை, மிஸஸ் பெர்ட்விசில்." கொஞ்சம் தயங்கினார். "விரும்பினா படம் போட்டுக் காட்டறேன்."

போட்டார். அட்டையின் பின்பக்கம் நிறையும்வரை போட்டார். தெல்மா அட்டையைச் சுருட்டி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் அணைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். வழியில் மனசு கொஞ்சம் குறுகுறுத்தது. ஏமாற்றியதற்காக அல்ல. படம் போடும்போது அந்த மனுஷர் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காக. அவரிடம் யாரும் எதையும் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ.

பிப்ரவரி கடைசி ஞாயிறு மழை. கூடத்தில் பதின்மூன்று உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். தெல்மாவின் மேஜையில் ஊர் விரிந்திருந்தது. தபால் நிலையம், சந்துகள், சந்தைச் சதுக்கம், சபைக் கூடத்திலிருந்து குளம் வரை ஒரு சரிவு. அந்தச் சரிவை அவள் இந்த மாதம்தான் சேர்த்தாள். பழைய விதிகளைக் கிழித்துப் போட்டிருந்தாள். சிவப்புப் பென்சில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பகடை வீச்சு.

முதல் மூன்று டாங்கி நதீமுக்கும் சகோதரர்களுக்கும் போயிற்று. 61-ஐ எடுத்துக்கொண்டு தெல்மா பிரான்சுக்கு நடந்தாள்.

"ஒரு ஓட்டுநர் குறையுது, மிஸ்டர் ஓல்ட்ராய்டு."

"நான் பிணங்களோட விளையாடறதில்லை."

"நீங்க விளையாட வேண்டாம். விதியெல்லாம் நீங்க எழுதினதுதான். சரியாப் பண்றோமான்னு பாத்தாப் போதும்."

அவர் எழுந்து வந்தார். பார்க்கத்தான் வந்தார். ஆனால் டாங்கியைக் கையில் வாங்கிய பிறகு எங்கே கீழே வைப்பது?

இரண்டாவது சுற்றிலேயே கூடத்தில் சத்தம் ஏறிவிட்டது. கீத் இயந்திரத்தை அணைத்தான். அவன்மேல் மொய்த்த அறுபது பிணங்களும் திரும்பி அண்ணனை நோக்கி நடந்தன.

"நீயெல்லாம் கூடப் பொறந்தவனாடா?"

"அம்மா உன்னைத்தான் ரொம்பச் செல்லமா வளத்தா. இவங்களும் கொஞ்சட்டும்."

அடுத்த சுற்றில் கீத்தின் ஆள் வெளியே இறங்கிக் கைப்பிடி சுற்ற வேண்டியிருந்தது. பகடையில் ஒன்று விழுந்தது, வண்டி கிளம்பவில்லை. மறுபடி ஒன்று. ரானி தன் டாங்கியைச் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு தம்பியின் பக்கத்தில் வந்து, பிணங்களையும் கூடவே கூட்டிவந்து, இயந்திரத்தை அணைத்தான். பிறகு இரண்டு பேரின் ஆட்களும் இறங்கி நின்று சுற்றினார்கள். நதீமின் துப்பாக்கி கொதித்து ஆவி அடைத்துக்கொண்டது. தெல்மா ஒரு பஞ்சுத் துணுக்கை அவர் டாங்கிமேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே. முன்னால யாரு நிக்கிறாங்க?"

"வாத்தியக் குழு," என்றாள் தெல்மா.

மிஸ்டர் ஓல்ட்ராய்டு மட்டும் பதறவில்லை. இயந்திரத்தை எப்போது ஓட்டுவது, எப்போது அணைப்பது என்று சிக்னல் கொடுப்பதுபோல் கணக்காக முடிவு செய்தார். தபால் நிலையத்துக்குப் போனார். தபால் அம்மாளை ஏற்றினார். மேஜையைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ரயில் நிலையம் சரிவுக்குக் கீழே, இடப்பக்கம். பின்னால் இருநூறு பேர். மணப்பெண் முன்னணியில்.

"முழு வேகம். சரிவுல இறங்கி, இடப்பக்கம்," என்றார்.

 தெல்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.  அவர் அளவுகோலை வைத்தார், டாங்கியை நகர்த்தினார், சரிவின் நடுவில் இடப்பக்கம் திருப்பப் போனவர் கை அப்படியே நின்றது.

"ஓ," என்றார்.

"ரெண்டு கோடு போட்டிருந்தீங்க," என்றாள் தெல்மா, மெதுவாக.

"போட்டிருந்தேன்."

"வேணும்னா இந்த ஒரு தடவை..."

"விதி விதிதான், மிஸஸ் பெர்ட்விசில்." சொல்லிவிட்டு, தன் கையாலேயே 61-ஐ வலப்பக்கம் திருப்பி, நேராகக் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கினார். பிறகு ஒரு சத்தம் கேட்டது. பதினோரு வருஷமாக அந்தக் கூடத்தில் யாரும் கேட்காத சத்தம் என்பதால் எங்கிருந்து வருகிறது என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. மிஸ்டர் ஓல்ட்ராய்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். உருப்பெருக்கியைத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குளத்தின் நடுவே டாங்கி, கூரைமேல் தளபதியும் ஓட்டுநரும் தபால் அம்மாளும். கரையைச் சுற்றி இருநூறு பிணங்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

நதீம் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்குக் கூடத்தின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "சரி, கையைத் தூக்கிருவோம். 1940 பிரான்சுக்கு யாரு?"

ஆறு கைகள். பழக்கம் சுலபமாக விடுமா? ரானியும் அதில் இருந்தான். தம்பி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கினான்.

"1934 ஹாக்தோர்ப்?"

ஆறு கைகள். தெல்மாவின் கையையும் சேர்த்து.  இன்னும் ஒரு ஓட்டு, அது யாருடையது என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. மரங்களை எந்த டப்பாவில் வைத்தோம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

"மிஸ்டர் ஓல்ட்ராய்டு, நீங்க கையே தூக்கல," என்றார் நதீம்.

அவர் மேஜைமேல் குனிந்திருந்தார். "ஓட்டு இருக்கட்டும். இவங்க மூணு பேரும் இன்னும் கூரைமேல நிக்கிறாங்க. துப்பாக்கித் தண்ணி கொதிச்சிருக்கு. அந்தம்மா தபால் பையில தேயிலைப் பொட்டலம் இல்லாமலா இருக்கும்? விடியறவரைக்கும் தாங்குவாங்க." நிமிர்ந்தார். "பிணம் நீந்துமா, மிஸஸ் பெர்ட்விசில்?"

"அதுக்கு இன்னும் விதி எழுதல."

"எழுதணும். ஏப்ரலுக்குள்ள எழுதணும். ஜனங்க வந்து கேப்பாங்க." சிவப்புப் பென்சிலைப் பையில் செருகினார். "நான் பக்கத்துல இல்லேன்னா இவங்க அங்க போயி இயந்திரம் பின்னால இருக்குன்னு சொல்லிருவாங்க. அந்தப் பழி கழகத்துக்கு வேண்டாம்." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். ரயில்வே கைகாட்டி மரம் மாதிரி, நேராக.

கீத் அண்ணன் தோளில் ஒரு அடி வைத்தான்.  தெல்மாவின் வாய் தன் பழக்கத்தில் பேசிவிட்டது.

"ரொம்ப நன்றி, வாத்து."

 அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் அதை ஒரு ரிவெட்டை எண்ணுவதுபோல் எண்ணிப் பார்த்தார். பிறகு தலையை ஒருமுறை அசைத்தார்.

ஏப்ரல் கண்காட்சியில் அந்த மேஜையைச் சுற்றிக் காலையிலிருந்து கூட்டம். கையேட்டில் பெரிய எழுத்தில் தெல்மா பெர்ட்விசில், அடியில் எறும்பு எழுத்தில் 'திருத்தங்கள்: க. ஓல்ட்ராய்டு'. அவர் கேட்டு வாங்கிய இடம் அது. மதியம் வில்ஃப் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் வைத்த ரொட்டிகளைக் கொண்டுவந்தபோது, மிஸ்டர் ஓல்ட்ராய்டு ஒரு மூலையில் 61-ஐப் பிடித்துக்கொண்டு, ஊசி முனையில் பசை தொட்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு குமிழ்களை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப நாப்பத்து நாலு," என்றார்.

தெல்மா டாங்கியை வாங்கி மறுபக்கம் திருப்பி, உதடு அசைய எண்ணினாள். முகத்தை வெகு கவனமாக வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் நாப்பத்தஞ்சு இருக்கே, வாத்து."

அவர் உருப்பெருக்கியைத் தேடிப் பையில் கை விட்டார். வில்ஃப் தன் ரொட்டியைக் கடித்தபடி வேறு பக்கம் பார்த்தார்.